ஃப்ரீ மெமரி கம்மியா காட்டுதே, பயப்படணுமா?

கேள்வி: சார், என் லேப்டாப்ல 8 ஜிபி ராம், லினக்ஸ் போட்டிருக்கேன். ஃப்ரீ கமாண்ட் அடிச்சா ஃப்ரீ வெறும் 300 எம்பின்னு வருது, பெருசா எதுவும் ஓடல. ராம் மாத்தணுமா?

பதில்: காசை செலவு பண்ணிடாதீங்க தம்பி! அதே வரியில கடைசியா அவைலபிள்னு ஒரு நெடுவரிசை (column) இருக்கும், அதைப் பாருங்க, புரோகிராம்களுக்குக் குடுக்கக்கூடிய மெமரி அதுதான். நீங்க திறந்த ஃபைலையெல்லாம் கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) சும்மா கிடக்குற ராம்ல கேஷா, அதாவது ஒரு நகலா, வச்சுக்கும், அடுத்த தடவை டிஸ்க்குக்குப் போகவேண்டாம் பாருங்க, வேற புரோகிராம் இடம் கேட்டா அதைக் காலி பண்ணிக் குடுத்துடும். முன்னாடி ஃப்ரீயையும் கேஷையும் நாமளே கூட்டிப் பாப்போம், ஆனா கேஷ்ல எல்லாத்தையும் காலி பண்ண முடியாது, பல புரோகிராம் பகிர்ந்துக்கிற ஷேர்டு மெமரியும் அதுலதான் சேருது, அதனால கணக்கு தப்பும். அதுக்காகத்தான் 2014-ல வந்த 3.14 கெர்னல்ல மெமரி கணக்கு காட்டுற /proc/meminfo-வுல மெம்அவைலபிள்னு தனி வரியே சேர்த்தாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச மாற்றம் அது. அதுவும் ஒரு மதிப்பீடுதான், ஆனா நம்பலாம்.

இன்னொண்ணு, ஓடுற புரோகிராம்களைக் காட்டுற டாப் கமாண்ட்ல ஒவ்வொண்ணுக்கும் வர்ற ரெஸ் (RES, அது ராம்ல பிடிச்சிருக்குற இடம்) நம்பரைக் கூட்டிப் பாக்காதீங்க. 4 கேபி பேஜ் (மெமரித் துண்டு) ஒண்ணை நாலு புரோகிராம் பகிர்ந்தா நாலு பேர் கணக்குலயும் முழு 4 கேபி விழும். பகிர்ந்ததைப் பங்கு போட்டுச் சொல்ற பிஎஸ்எஸ் (PSS) கணக்குல ஆளுக்கு 1 கேபிதான், அதுதான் நியாயம்.

அவைலபிள் அடிமட்டத்துக்குப் போயி, விஎம்ஸ்டாட் கமாண்ட்ல எஸ்ஐ, எஸ்ஓ (டிஸ்க்குல இருக்குற ஸ்வாப்ல இருந்து ராமுக்கு வர்றது, ராம்ல இருந்து ஸ்வாப்புக்குப் போறது) ரெண்டும் விடாம ஓடிட்டே இருந்தா அப்போ ராம் வாங்குங்க.