மல்லாட்டை (நிலக்கடலை) வேர் கட்டையாக நின்றால்

வணக்கம் ஐயா. பண்ருட்டிப் பக்கம் செம்மண்ணில் பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.9, டி.ஏ.பி. என்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் இரண்டு தடவை போட்டும் மல்லாட்டை வேர் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இன்னொரு மூட்டை வாங்காதீர்கள். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைத்தான் முதலில் தாக்கும். நுனி தடித்துப் பழுப்பாகும், பக்கவேர் குறையும். நீங்கள் போட்ட மணிச்சத்தையும் அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஜிப்சம் காய் திரள நல்லது, ஆனால் மண்ணின் புளிப்பைக் குறைக்காது. அதற்குச் சுண்ணாம்புத் தூள்தான். அடுத்த பட்டத்தில் விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தூவி உழுதுவிடுங்கள். அளவு மண்ணுக்கு மண் மாறும். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். அப்புறம், நிற்கிற பயிருக்கு டி.ஏ.பி. கரைசலை இலையில் தெளிக்கலாம்.