செத்த குஞ்சுக்குப் பணம் கேட்கிறார், என்ன செய்வது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் வீட்டிலேயே ஆப்பிரிக்கன் கிரே கிளி வளர்க்கிறோம். ஆண்டுதோறும் குஞ்சுகளுக்குக் கையால் ஊட்டி, விளம்பரம் போட்டு விற்கிறோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவர் 3,500 ராண்டுக்கு வாங்கிய குஞ்சு இரண்டே வாரத்தில் செத்துவிட்டது. அலகு-இறகு நோய் என்று லேப் ரிப்போர்ட் அனுப்பிப் பணம் கேட்கிறார். ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ (இருக்கிறபடியே விற்பனை, பின்னால் குறை சொல்லக் கூடாது) என்று வாட்ஸ்அப்பில் எழுதித்தான் கொடுத்தோம். இப்போது கோயிலில் நாலு பேர் முன்னால் என்னை ஏமாற்றுக்காரி என்கிறார். அவர்மேல் வழக்குப் போடலாமா? கூடவே பொரிந்த குஞ்சுக்கு ஃபீனிக்ஸில் ஆள் காத்திருக்கிறது.

பதில்: கோயில் பேச்சை விடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சிரிஞ்சில் ஊட்டியதும் வழக்குக்கு உதவாது. விற்ற அன்று குஞ்சின் உடம்பில் நோய் இருந்ததா? அது ஒன்றுதான் கேள்வி. அலகு-இறகு நோயின் வைரஸ் தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். இரண்டு வாரத்தில் செத்ததென்றால் விரல் உங்கள் கூண்டைத்தான் காட்டும்.

ஃபுட்ஸ்டூட்ஸ் உங்களைக் காப்பாற்றாது. விளம்பரம் போட்டுத் தொடர்ந்து விற்பவரை வியாபாரியாகப் பார்க்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, பழுதான சரக்குக்கு ஆறு மாதம்வரை பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி விற்றிருந்தால்தான் தப்ப முடியும்.

3,500 ராண்ட் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் வீட்டில் வேறு கிளிகள் உண்டா? இறகுத் தூளிலும் எச்சத்திலும் பரவும் நோய் இது, மருந்தும் கிடையாது. அவருடைய பறவைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தால் அந்த நஷ்டமும் உங்கள் தலையில் விழலாம். தொகை 20,000 ராண்டைத் தாண்டினால், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டும் போதாது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட், இரு பக்கமும் வக்கீல், செலவு.

இங்கேதான் பலர் வாயைக் கொடுத்து மாட்டுகிறார்கள். "அப்போதே கொஞ்சம் சோர்வாகத்தான் இருந்தது, அதனால்தான் விலையைக் குறைத்தேன்" என்று கோபத்தில் ஒரு வாய்ஸ் நோட் போதும். குறை தெரிந்தே விற்றதற்கு எதிராளிக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. இனி அவருக்கு ஒரு வரி அனுப்பும் முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் சும்மா பேங்கில் போட்டுவிடாதீர்கள். தவறை ஒப்புக்கொள்ளாமல் கொடுப்பதாகவும், அவருடைய மற்றப் பறவைகள் உட்பட எல்லாக் கோரிக்கைக்கும் இதுவே இறுதித் தீர்வு என்றும் எழுதி, அவர் கையெழுத்து வாங்கிய பிறகே பணம்.

ஃபீனிக்ஸ் ஆளைக் காக்க வையுங்கள். தாய், தகப்பன், மிச்சக் குஞ்சு மூன்றுக்கும் டெஸ்ட் எடுங்கள். லேப் ரிப்போர்ட் உங்கள் போனில் இருக்கும்போது அந்தக் குஞ்சை விற்றால், தெரியாது என்று அடுத்த முறை சொல்ல முடியாது.