கேள்வி – பதில்: மந்திர உலகில் பகுத்தறிவு

கேள்வி: ஹாரி பாட்டர் கதைமாந்தர்களை வைத்து ஒரு ரசிகர் புனைவு எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாயகனைப் பகுத்தறிவோடு சிந்திக்கும் சிறுவனாகக் காட்ட விரும்புகிறேன். ஆனால் அவன் மந்திரத்தை மறுத்தால் கதையே இல்லை. மறுக்காவிட்டால் பகுத்தறிவு எங்கே என்று தோழி கேட்கிறாள். என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: தோழியின் கேள்வி தமிழில் அந்தச் சொல்லுக்கு அமைந்துவிட்ட வரலாற்றிலிருந்து வருகிறது. பெரியாரின் இயக்கத்தால் வேரூன்றிய ‘பகுத்தறிவு’ என்ற சொல், மூடநம்பிக்கையை மறுப்பதையே நமக்கு முதலில் நினைவூட்டுகிறது. அந்த மறுப்புக்கு அடியில் இருக்கும் வேலைதான் உங்கள் கதைக்குத் தேவை: தன் எண்ணமே தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, அதைச் சோதித்து, சான்று எதிராக வந்தால் மாற்றிக்கொள்வது. மந்திரம் பலிக்கும் உலகில், கண்ணால் கண்ட பிறகும் அது இல்லையென்று சாதிப்பவனைப் பகுத்தறிவாளன் என்று சொல்ல முடியாது.

இந்த வகையில் நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது, அமெரிக்க எழுத்தாளர் எலியேசர் யூட்கோவ்ஸ்கி 2010 முதல் 2015 வரை இணையத்தில் தொடராக எழுதிய ‘ஹாரி பாட்டர் அண்ட் த மெத்தட்ஸ் ஆஃப் ராஷனாலிட்டி’ (ஹாரி பாட்டரும் பகுத்தறிவின் வழிமுறைகளும்) என்ற ரசிகர் புனைவு. மூலக்கதையில் ஹாரியின் பெரியம்மா பெட்டூனியா வெர்னன் டர்ஸ்லியை மணந்தவர். இதில் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரை மணக்கிறார், ஹாரி அறிவியல் நூல்களுக்கு நடுவே வளர்கிறான். மந்திரம் உண்டு என்று வளர்ப்புத் தாயும் இல்லை என்று வளர்ப்புத் தந்தையும் வாதிடும்போது, சோதனையில் இன்ன விளைவு வந்தால் யார் தம் கருத்தைக் கைவிட வேண்டும் என்பதை இருவரிடமும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறான். பிறகு மந்திரப் பள்ளியிலிருந்து வந்த பேராசிரியர் மெக்கோனகல் பூனையாக மாறுகிறார். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆயிற்று என்று அவன் அதிர்ந்துபோகிறான். அந்த அதிர்ச்சியை அவன் மறைக்கவில்லை என்பதால்தான் அவன் மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொரு காட்சியையும் ஊன்றிப் படியுங்கள். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 2, 4, 6 என்ற மூன்று எண்களைத் தந்து அவற்றுக்குப் பின்னுள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கலந்துகொண்டோர் தாமே வேறு எண்களைச் சொல்லி, விதிக்குப் பொருந்துகின்றனவா என்று கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலோர் 8, 10, 12 போன்று தங்கள் ஊகத்துக்கு ஒத்துப்போகும் எண்களையே சொல்லி, ‘ஆம்’ என்ற விடையில் மகிழ்ந்து, இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று முடிவு கட்டினர். உண்மையான விதியோ ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் என்பதுதான். தவறாக எதையும் அறிவிக்காமல் அதை எட்டியவர்கள் 29 பேரில் 6 பேர் மட்டுமே. யூட்கோவ்ஸ்கியின் கதையில் இதே புதிரை ஹாரி மந்திரப் பள்ளிக்குப் போகும் ரயிலில் சக மாணவி ஹெர்மயனியிடம் போடுகிறான். அத்தனை நூல்களைப் படித்த அவளும் தடுமாறுகிறாள். சிந்தனையின் பிழை ஒன்று இங்கே விரிவுரையாக அல்லாமல், இருவருக்கு இடையே நடக்கும் நிகழ்ச்சியாகவே வாசகரை வந்தடைகிறது.

கேள்வி: அப்படிப்பட்ட நாயகன் எப்போதும் வென்றுகொண்டே இருந்தால் சலிப்புத் தட்டாதா?
– வாசகர், திருச்சி

பதில்: நிச்சயமாகத் தட்டும். யூட்கோவ்ஸ்கியின் ஹாரியிடமே சில இடங்களில் எனக்கு அந்தச் சலிப்பு வந்ததுண்டு. பெரியவர்களை அவன் மடக்கும் காட்சிகள் அளவுக்கு மேல் நீள்கின்றன. அவன் தவறாகக் கணித்து அதற்கு விலை கொடுக்கும் இடங்களில்தான் கதை உயர்கிறது. ஆகவே நாயகனின் முதல் ஊகம் பொய்க்கட்டும், அந்தப் பிழை அவனுக்கு எதையாவது இழக்கச் செய்யட்டும்.

வாசகருக்கு நேர்மையாக இருப்பதும் அதே அளவு முக்கியம். தொடர் முடியும் தறுவாயில், 2015 பிப்ரவரி இறுதியில், ஹாரியை எதிரிகள் சூழ நிறுத்திவிட்டு, 60 மணி நேரத்துக்குள் அவன் தப்பும் வழியை வாசகர்களே சொல்ல வேண்டும், இல்லையேல் துயரமான குறுகிய முடிவுதான் கிடைக்கும் என்று யூட்கோவ்ஸ்கி அறிவித்தார். வாசகர்கள் வழியைக் கண்டுபிடித்தார்கள். தேவையான தடயங்கள் எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் ஏற்கெனவே இருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் நாயகன் கடைசியில் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு செய்தியும் எந்த அத்தியாயத்தில் வாசகர் கண்ணில் பட்டது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். இடம் காலியாக இருந்தால், அந்த அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் எழுதிவிட்டு வாருங்கள்.