புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்கிறோம். 12 வயது மகள் பள்ளியில் நன்றாகக் கால்பந்து ஆடுகிறாள். குன்னூரில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் சேர்க்கச் சொல்லி ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினார். பயிற்சி முடிந்ததும் இரவு வண்டியில் கொண்டுவந்து விடுவார்களாம், வெளியூர்ப் போட்டி என்றால் தங்கிவிட்டு வருவார்களாம். 'குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ்' என்று ஒரு போட்டோவும் காட்டினார். நம்பி அனுப்பலாமா? அதிகம் கேள்வி கேட்டால் மகளைச் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்றும் பயம்.

பதில்: உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. நீங்கள் கேள்வி கேட்டதால் மகளைச் சேர்க்க மாட்டோம் என்று ஒரு மையம் சொன்னால், அந்த இடம் உங்கள் மகளுக்கு வேண்டாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்து, அந்தச் சான்றிதழ். சட்டம் கேட்பது சுவரில் மாட்டும் தாளை அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்தான் போக்சோ. அதன் 2020ஆம் ஆண்டு விதிகள் பள்ளிகளோடு விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்க வேண்டும். நிரந்தர வேலையோ ஒப்பந்தமோ, எல்லாருக்கும் இது உண்டு. அதையும் ஒரு முறையோடு விட்டுவிடாமல் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆகவே பயிற்சியாளர், வேன் ஓட்டுநர், சமையல்காரர் ஆகியோரின் சரிபார்ப்புத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஃபிரேம் போட்ட தாள்களைத் தயாரித்து விற்கும் இடைத்தரகர்கள் நம் மலையில் இருக்கிறார்கள். இரண்டு வேறு மையங்களில் எழுத்துப்பிழை கூட மாறாமல் ஒரே தாளைப் பார்த்திருக்கிறேன். மையத்தின் பெயர் மட்டும்தான் வேறு.

போலீஸ் சரிபார்ப்பு இருந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள். வழக்குப் பதிவானவர்தான் அதில் சிக்குவார். புகாரே வராமல் ஊர் மாறி வந்தவர் சிக்க மாட்டார். பயிற்சியாளர் இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டு, அங்கே நீங்களே போன் போட்டு விசாரியுங்கள்.

இனி நேரில் போய்ப் பார்க்க வேண்டியது. சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி மையத்துக்கு ஆய்வுக் குழுவோடு போயிருந்தேன். புகார்ப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்கள், இருந்தது, படிவத்தில் டிக் போட்டார்கள். பெட்டி தொங்கியது பயிற்சியாளர் அறையின் வாசலில். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவியைக் கேட்டதும் அந்தப் பயிற்சியாளர் தன் பைக் சாவிக்கொத்திலிருந்து எடுத்து நீட்டினார். எந்தக் குழந்தை அதில் சீட்டுப் போடும்? தீயணைப்பு சிலிண்டரின் தேதியைப் பார்க்கிறவர்கள், பெண் பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஏன் பார்ப்பதில்லை? இதை எழுதி எழுதிக் கொடுத்துவிட்டேன். படிவம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் தாய் தகப்பன் நீங்கள்தான் பார்க்க வேண்டும்: பெட்டி எங்கே, சாவி யாரிடம், தாழ்ப்பாள் உண்டா.

வண்டி விஷயத்தில் விதி எளிது. ஒரு பெரியவரோடு ஒரு குழந்தை தனியாகப் பயணம் செய்யக் கூடாது. ஆனால் நம் மலையில் இதை அப்படியே சொன்னால் நடக்காது என்று எனக்கும் தெரியும். இரவானால் பஸ் கிடைப்பது கஷ்டம். மழையில் மண் சரிந்தால் பாதை அடைத்துவிடும். பனிமூட்டத்தில் பிள்ளையை ஸ்டாப்பில் நிற்க வைப்பதும் ஆபத்து. அந்த மாதிரி நாளில் பயிற்சியாளர் தனியாகக் கொண்டுவந்து விட்டால் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி கிளம்பும் முன் உங்களுக்குப் போன் வர வேண்டும், வந்துகொண்டிருக்கும்போது அல்ல. வழியில் கட்டபெட்டு ஊரைத் தாண்டினால் சில இடங்களில் டவர் கிடைக்காது என்பதால் இது முக்கியம். பிள்ளை பின் சீட்டில் உட்கார வேண்டும். மறுநாள் அதை மையத்தின் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள் என்றால் அவசரம். வாரத்துக்கு இரண்டு நாள் உங்கள் மகளே கடைசியாக இறங்குகிறாள் என்றால், இறக்கிவிடும் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் நிறுத்திவிடுங்கள்.

வெளியூரில் தங்கும்போது பெண் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். பிள்ளைகள் அறையில் பயிற்சியாளர் தங்கக் கூடாது, 'ஆட்டத்தைப் பற்றிப் பேசணும்' என்று ஒரு பிள்ளையை மட்டும் தன் அறைக்குக் கூப்பிடவும் கூடாது.

வீட்டுக்கு வந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சீசனில் காட்டேஜை வாடகைக்குப் பிடித்து 'கேம்ப்' போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களும் உண்டு. இவர்கள் அடுத்துச் சொல்வது, 'ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சீட் வாங்கித் தருகிறேன்' என்பதாக இருக்கும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குத் தேர்வுப் போட்டி வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதற்குத் தரகர் தேவையே இல்லை. மகளின் பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். ஒரிஜினல் அவர்கள் கையில் இருந்தால், பிடிக்காவிட்டாலும் பிள்ளையை வெளியே எடுக்கத் தயங்குவீர்கள்.

ஏதாவது தப்பு என்று மனதில் பட்டால், 'நாங்கள் உள்ளுக்குள் விசாரித்துச் சொல்கிறோம்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தாலே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் போக்சோ சட்டம். கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிர்வாகத் தலைவர் மறைத்தால் அவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். நல்லெண்ணத்தோடு சொன்ன உங்கள் மேல் வழக்கு வராது. மகளை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. வாக்குமூலம் வாங்க வீட்டுக்கே வரச் சொல்லலாம், சீருடை போடாமல்தான் வர வேண்டும்.

சேர்க்கும் முன் ஒரு புதன்கிழமை மாலை, யாரிடமும் சொல்லாமல் மைதானத்துக்குப் போய் முழுப் பயிற்சியும் உட்கார்ந்து பாருங்கள். கோல் விட்ட பிள்ளையைத் தூறலில் பத்து ரவுண்டு ஓடச் சொல்கிறாரா, அடிபட்ட பிள்ளையை உட்கார வைக்கிறாரா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். 'பெற்றோர் உள்ளே வரக் கூடாது' என்று கேட்டிலேயே நிறுத்தினால், மகளின் பூட்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அவள் பள்ளி டீமிலேயே ஆடட்டும்.