உலகம் சுற்றப் புறப்படும் சோடிகளின் கேள்விகள்

மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்த கடிதங்களில் இந்த முறை பாதிக்கு மேல் ஒரே ஆசைதான்: கணவனும் மனைவியுமாக நீண்ட காலம் வெளியே சுற்ற வேண்டும். பதினைந்து வருடமாகப் பயண ஆவணங்களோடு மாரடிக்கிற எனக்கு இதைவிடச் சந்தோஷமான கடிதங்கள் கிடையாது. ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

அக்கா, நாங்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் சுற்ற நினைக்கிறோம். கட்டுநாயக்காவில் ஏறி தாய்லாந்து, ஐரோப்பா, தென்னமெரிக்கா என்று ஒரே சுற்றாகப் போய் வரலாமா? (கல்லடி)

போகலாம், ஆனால் ஒரே சுற்றாக வேண்டாம். வெள்ளைக்காரச் சோடிகள் காணொளியில் காட்டுகிற பாதை அவர்களுடைய கடவுச்சீட்டுக்குப் போட்ட பாதை. நம்முடைய கடவுச்சீட்டுக்குப் பெரிய நாடுகளின் விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தரும் ஷெங்கன் விசாவைப் பாருங்கள். நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாங்கொக்கில் சுற்றுலாப் பயணியாக நின்றுகொண்டு கேட்டால், ஊருக்குப் போய்க் கேளுங்கள் என்பார்கள். சரி, புறப்படும் முன்பே எடுத்து வைப்போம் என்றால், பயணத் திகதிக்கு 6 மாதத்துக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. ஆகவே ஐரோப்பாவைச் சுற்றின் கடைசியில் வைத்தால் சிக்கல்தான்.

அதனால் வருடத்தை மூன்றாக வெட்டுங்கள். முதல் சுற்றுக்கு விசாத் தொல்லை குறைந்த பக்கத்து நாடுகள். மாலைதீவில் இறங்கும்போதே 30 நாள் இலவசமாகத் தருவார்கள். நேபாளம், நம்மைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் ஒரு வருடத்தில் தங்கும் முதல் 30 நாளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. குறுகிய காலம் சிங்கப்பூர் போக விசாவே தேவையில்லை. இந்தியாவுக்கு இணையத்தில் எடுக்கலாம். பிறகு வீட்டுக்கு வந்து, கொழும்பில் கைரேகை கொடுத்து, ஐரோப்பாவை இரண்டாவது சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 29 நாடுகளுக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம். மூன்றாவதாக அமெரிக்கக் கண்டங்கள். செல்லுபடியான அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா கேட்பதில்லை. இப்படி ஒரு விசா இன்னொரு கதவைத் திறக்கும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் டிக்கெட் வாங்கும் கிழமையில் அந்தந்தத் தூதரகத்தின் இணையத்தளத்தை ஒருமுறை பாருங்கள்.

இடையில் திரும்பி வர விமானச் செலவு கூடும், உண்மைதான். ஆனால் நடுவழியில் ஒரு விசா மறுக்கப்பட்டால் மீதிப் பயணம் முழுவதும் குலைந்துபோகும். அந்த நட்டத்தோடு பார்த்தால் இது சிறியது. அம்மா அப்பாவையும் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம், அதையும் கணக்கில் சேருங்கள். கடவுச்சீட்டில் இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் முதலில் புதியதை எடுங்கள். பல நாடுகள் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கும்.

என் கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயர், கணவருடையதில் அவருடைய வாப்பாவின் பெயர். நாங்கள் தம்பதி என்று வெளிநாட்டு அதிகாரிகள் நம்புவார்களா? பெயரை மாற்ற வேண்டுமா? (காத்தான்குடி)

மாற்ற வேண்டாம் தங்கச்சி. தகப்பன் பெயரை முன்னால் போடும் நம் வழக்கத்தால் தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. கடவுச்சீட்டை மாற்றினால் வங்கி அட்டை, அடையாள அட்டை, சான்றிதழ்கள் என்று எல்லாம் ஒன்றோடொன்று முரண்படும். விவாகப் பதிவுச் சான்றிதழை எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலப் பிரதியோடு சேர்த்து வைத்திருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் இரண்டு கடவுச்சீட்டிலும் உள்ளபடியே வரவேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓர் எழுத்து பிசகினால்கூட அலைய வைப்பார்கள்.

ஓய்வுபெற்றுவிட்டோம். வீடும் ஐந்து ஏக்கர் வயலும் இருக்கின்றன. எட்டு மாதம் போனால் யார் பார்ப்பது? (திருக்கோவில்)

வயலைக் குத்தகைக்குக் கொடுப்பது என்றால் போகக் கணக்கில் பேசுங்கள், மாதக் கணக்கில் வேண்டாம். பெரும்போகம் விதைக்கும்போது போய் மாசி, பங்குனி அறுவடைக்குப் பிறகு வந்தால் ஒரு போகம் மட்டும் ஒருவர் கையில் இருக்கும். இரண்டு போகத்தையும் விட்டுவிட்டுப் போவதானால் நீர்வரி, வரம்பு, வாய்க்கால் வேலை யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு அநேகமாக அம்மாவின் சீதன வீடாக இருக்கும், நம் பக்கத்து வழக்கம் அப்படி. அப்படியானால் அற்றோணித் தத்துவத்தை, அதாவது தனக்குப் பதிலாக இன்னொருவர் செயற்படும் எழுத்து அதிகாரத்தை, அவர்தான் கொடுக்க வேண்டும், ஐயா கையெழுத்திட்டுப் பயனில்லை. நொத்தாரிசிடம் எழுதும்போது என்னென்ன அதிகாரம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். வரி கட்டலாம், வாடகை வாங்கலாம், விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று தெளிவாக இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் காணி உறுதிகள் நனையும் ஊர் நம்முடையது. மூலப் பத்திரங்களை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

காசைக் கையில் கொண்டுபோவதா, அட்டையா? (கல்முனை)

இருவருக்கும் தனித்தனி அட்டை, வெவ்வேறு வங்கி, வெவ்வேறு பை. கொஞ்சம் டொலர் நோட்டும் வையுங்கள். வெளிநாட்டு இயந்திரம் “ரூபாயில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்திலா” என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அமர்த்துங்கள். ரூபாயை அமர்த்தினால் மாற்று விகிதத்தில் நட்டப்படுவீர்கள்.

நாங்கள் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு அட்டைக்கும் வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் இரகசிய இலக்கம் என் கணவரின் ஒரே சிம்முக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தப் போன் படகில் தண்ணீரில் விழுந்தது. பதினொரு நாள் என் கைப்பையில் இருந்த நோட்டுகளோடு சமாளித்தோம். ஆளுக்கொரு சிம், ஆளுக்கொரு கணக்கு, ரோமிங் இயங்குகிறதா என்று ஊரிலேயே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பேசிச் செய்த கலியாணம், எட்டு மாதம்தான் ஆகிறது. இரவும் பகலும் ஒன்றாக ஒரு வருடம் இருப்போமா என்று பயமாக இருக்கிறது. (வாழைச்சேனை)

இந்தப் பயத்தை எழுதியதற்கே உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருக்கிறது. விசாவைவிட இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். வீட்டில் கோபம் வந்தால் ஒருவர் குசினிக்கும் ஒருவர் வாசலுக்கும் போய்விடலாம். விடுதி அறையில் அதற்கு இடமில்லை.

ஆகவே பெரிய பயணத்துக்கு முன் நாட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பயணம் போய்ப் பாருங்கள். பக்தி உள்ளவர்கள் என்றால் ஆடியில் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போங்கள். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்குத்தான் காட்டுப் பாதையைத் திறப்பார்கள். கும்புக்கன் ஓயாவைக் கடந்து, குமண, யால காடுகளூடாக ஐந்தாறு நாள் நடை. அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் நம் தோளில்தான். காட்டில் எல்லோரையும் “சாமி” என்றுதான் கூப்பிடுவார்கள், கணவன் மனைவியையும் அப்படித்தான். பசியோடும் கொப்புளக் காலோடும் இருக்கும் உங்கள் மனிசனை அங்கே பார்த்துவிடலாம். அவரும் உங்களைப் பார்ப்பார். யார் சுமையைக் குறைக்கத் தெரியாதவர், யார் பசித்தால் பேச்சை நிறுத்துகிறவர், யார் வழி கேட்க வெட்கப்படுகிறவர் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் பேச்சை நிறுத்துகிறவள் நான். அது தெரிந்த பிறகு என் கணவர் பையில் எப்போதும் கச்சான் வைத்திருக்கிறார்.

யாத்திரை ஒத்துவராது என்றால் பத்து நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் மலைநாட்டைச் சுற்றுங்கள். ஆளுக்கொரு பைதான், காசு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து. கிழமைக்கு ஒரு பின்னேரம் தனித்தனியாக நடந்துவிட்டு வருவது என்று பேசிக்கொள்ளுங்கள். அது பிணக்கல்ல.

தடுப்பூசி என்னென்ன? சொந்தக்காரருக்குக் கருவாடு கொண்டுபோகலாமா? (அக்கரைப்பற்று)

கென்யா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போய் வந்தால், இலங்கைக்குள் திரும்பி வரவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், பிறகு ஆயுள் முழுவதும் போதும். ஆபிரிக்கா போனால் மலேரியாத் தடுப்பு மருந்தும் வேண்டும், அதை மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகத் தருகிறது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அது மறுபடி வராமல் இருக்க, திரும்பி வந்த பின் காய்ச்சல் கண்டால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கருவாட்டுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம், குடல் எடுத்திருக்க வேண்டும். ஆனால் தயிரும் நெய்யும் இறைச்சியும் கூடாது, எடுத்துவிடுவார்கள். அவுஸ்திரேலியா என்றால் எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எங்கே போனாலும் கருவாட்டை மூன்று உறை போட்டுத் தனிப் பொதியாகக் கட்டுங்கள், மற்றப் பையில் உடுப்பு இருக்கிறது.