ஐஸ் ஹாக்கி கோச்சை எத வச்சு எடை போடுறது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

இப்ப இருக்குற என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) கோச்கள்ல டாம்பா பே டீமோட ஜான் கூப்பர்தான் எனக்கு முதல்னு போன வாரம் ஒரே ஒரு வரி எழுதிட்டு போயிட்டீங்க. கால்கரிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் நான் ஹாக்கி பாக்க ஆரம்பிச்சேன். ஆபீஸ்ல இத சொன்னதும் ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டார். சிறந்த கோச்சுக்குன்னே ஜாக் ஆடம்ஸ் அவார்டு இருக்கு, கூப்பர் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கப் ஜெயிச்ச ரெண்டு வருஷத்துலயும் அது வேற ஆளுக்குத்தான் போச்சு, அப்புறம் அவர் எப்படி பெஸ்டுங்குறார். இன்னொருத்தர், ஜெயிச்ச மேட்ச எண்ணுங்க, பழைய கோச் ஸ்காட்டி போமன் 1,244, இதுக்கு மேல என்ன பேச்சுங்குறார். எத நம்புறது?

— ஒரு வாசகர், கால்கரி

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வரியில சொல்லிட்டு விட்டிருக்கக் கூடாது, இப்ப விவரமாவே சொல்றேன்.

முதல்ல அவார்டு. அதுக்கு ஓட்டு போடுறவங்க ஒளிபரப்புல இருக்குறவங்க, அதுவும் ரெகுலர் சீசன் முடிஞ்ச கையோட, கப்புக்கான நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃப் தொடங்குறதுக்கு முன்னாடியே போட்டுடுவாங்க. அதனால எதிர்பார்த்ததுக்கு மேல ஆடுன டீமோட கோச்சுக்குத்தான் பெரும்பாலும் போகும். 2023 ஞாபகம் இருக்கா? ஜிம் மான்ட்கோமரியோட பாஸ்டன் 65 மேட்ச் ஜெயிச்சு 135 பாயின்ட் எடுத்துச்சு, ரெண்டுமே என்எச்எல் ரெக்கார்டு. முதல் ரவுண்டுல எதிர்ல வந்தது 92 பாயின்டோட தட்டுத்தடுமாறி உள்ள வந்த ஃப்ளோரிடா. முதல்ல நாலு மேட்ச் ஜெயிக்குறவங்க மேல போற அந்த ரவுண்டுல பாஸ்டன் 3-1னு முன்னாடி இருந்தும், ஏழாவது மேட்ச்ல கடைசி நிமிஷம் வரைக்கும் ஒரு கோல் லீட் இருந்தும், சொந்த ஊர்லயே ஓவர்டைம்ல தோத்துட்டாங்க. அவார்டு மான்ட்கோமரிக்குத்தான் போச்சு, தப்பு சொல்ல முடியாது, அந்த சீசன் அப்படி. ஆனா அந்த ஃப்ளோரிடா கோச் பால் மொரிஸ் யாரு? 1995-ல 28 வயசுல என்எச்எல் ஹெட் கோச் ஆனவர், 2024-ல முதல் தடவையா கப்பை தூக்கினப்போ என்எச்எல் வரலாத்துலயே அதிக மேட்ச் தோத்த கோச்ங்குற பேரும் அவருக்குத்தான் இருந்துச்சு. அடுத்த வருஷம் மறுபடியும் கப். தோல்விக் கணக்க மட்டும் பாத்திருந்தா இந்த மனுஷன என்னைக்கோ ஒதுக்கியிருப்போம்.

வெற்றிக் கணக்குலயும் இதே சிக்கல்தான். போமன் 2002-ல ரிட்டையர் ஆகுற வரைக்கும் ரெகுலர் சீசன் மேட்ச் டிரால முடியலாம், அவருக்கு முன்னூத்துக்கு மேல டிரா இருக்கு. 2005-க்கு அப்புறம் ஷூட்அவுட் வந்துடுச்சு, ஒருத்தர் ஜெயிச்சே ஆகணும். அதனால அவரோட 1,244-ஐயும் இப்ப உள்ளவங்க எண்ணிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வைக்க முடியாது. ஆனாலும் என் கணக்குலயும் போமன்தான் எல்லாருக்கும் மேல, அதுக்குக் காரணம் 1,244 இல்ல.

நான் பாக்குறது ஒண்ணுதான்: செமத்தியா அடி வாங்கின பிறகு அந்த கோச் எத மாத்துறார், அவர் சொல்றத பெரிய ப்ளேயர் கேக்குறானா. போமன் 1993-ல டெட்ராய்ட்டுக்கு வர்றப்போ மான்ட்ரியல்ல 5, பிட்ஸ்பர்க்ல 1னு கையில 6 கப் இருக்கு. அங்க கேப்டன் ஸ்டீவ் ஐசர்மன், ஒரே சீசன்ல கோலும் அசிஸ்ட்டுமா 155 பாயின்ட் எடுத்தவர். அப்படிப்பட்ட ஆள்கிட்ட போய் கோல் அடிக்குறத கொஞ்சம் குறைச்சுக்கோ, பின்னாடி வந்து டிஃபென்ஸ் பண்ணுன்னு சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்? ஐசர்மனும் மாறினார், 2000-த்துல சிறந்த டிஃபென்சிவ் ஃபார்வர்டுக்கான செல்கி டிராஃபியே வாங்கினார். உடனே பலன் வந்துடல, 1995 ஃபைனல்ல நியூ ஜெர்சிகிட்ட 4-0னு வாஷ்அவுட், 1996-ல 62 மேட்ச் ஜெயிச்சும் கொலராடோகிட்ட வீழ்ந்தாங்க. நடுவுல 1995 அக்டோபர் 27, உங்க ஊர்லதான், ரஷ்ய ப்ளேயர் லாரியோனோவ் டீமுக்கு வந்த சில நாள்லயே ஐந்து ரஷ்யர்கள ஒரே யூனிட்டா ஐஸ்ல இறக்கினார். முன்னாடி வழி இல்லாம போனா மத்த டீம் பக்கை (ஹாக்கி வட்டு) சும்மா முன்னாடி தள்ளும், இவங்க திரும்பி பின்னாடி பாஸ் பண்ணி மறுபடி கட்டி எடுத்துட்டு வருவாங்க. வட அமெரிக்க பாணிக்கு அப்படியே நேர்மாறு. 60 வயசு தாண்டின கோச், 6 கப் கையில வச்சிருக்குறவர், அவங்கள அவங்க பாணியிலயே ஆட விட்டார் பாருங்க, அந்த இடத்துலதான் எனக்கு அவர் மேல இருக்குற மரியாதை பல மடங்காச்சு. அப்புறம் 1997, 1998, 2002னு மூணு கப், மொத்தம் 9.

கூப்பர முதல்னு சொன்னதும் இதே அளவுகோல்லதான். 2019-ல டாம்பா பே 62 மேட்ச் ஜெயிச்சு 128 பாயின்ட், முதல் ரவுண்டுல கொலம்பஸ்கிட்ட 4-0. வேற ஊரா இருந்தா அடுத்த நாளே அனுப்பியிருப்பாங்க, டாம்பா வச்சுக்கிச்சு. அடுத்த வருஷம் முதல் ரவுண்டுல அதே கொலம்பஸ், முதல் மேட்சே அஞ்சு ஓவர்டைம் போச்சு. முந்தின வருஷ டீமா இருந்தா பொறுமை இழந்து கோட்டை விட்டிருக்கும், இவங்க காத்துக்கிட்டு இருந்து ஜெயிச்சாங்க. ஸ்டார்களை விட்டுட்டு குர்ட், கோல்மன், குட்ரோ மூணு பேரையும் ஒரே லைனா போட்டு முக்கியமான நேரத்துலயெல்லாம் அவங்கள இறக்கினார். கேப்டன் ஸ்டாம்கோஸ் அந்த ப்ளேஆஃப் முழுக்க ஆடுனது மூணு நிமிஷத்துக்கும் குறைவு, அப்படியும் கப். 2021-லயும் கப்.

ஜோயல் குவென்வில்ல ஏன் சொல்லலன்னு கேப்பீங்க, சிகாகோவுல 3 கப். 2010-ல டீமோட வீடியோ கோச் மேல ஒரு ப்ளேயர் பாலியல் புகார் சொன்னார், அத பத்தி நடந்த மீட்டிங்ல குவென்வில்லும் இருந்தார்னு 2021 விசாரணை அறிக்கை சொல்லுது, கப் ஜெயிச்சு முடியுற வரைக்கும் யாரும் ஒண்ணும் செய்யல. அறிக்கை வந்ததும் ஃப்ளோரிடா வேலைய விட்டு விலகினார், 2024-ல லீக் திரும்ப அனுமதிச்சது. அனுமதிக்கலாம், ஆனா தன் டீம்ல ஒரு பையனுக்கு அப்படி நடந்தப்ப நிக்காதவர என்னால அந்த வரிசையில வைக்க முடியல.

அடுத்த தடவை உங்க ஊர் ஹாக்கி அரங்கம் சாடில்டோம் போனா பக்கை விட்டுட்டு கொஞ்ச நேரம் பெஞ்ச பாருங்க. விசில் அடிச்சதும் விருந்தாளி டீம் அஞ்சு பேர முதல்ல அனுப்பணும், அதப் பாத்துட்டுத்தான் சொந்த ஊர் கோச் தன் ஆள அனுப்புவார். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு தடவை ஐஸ்ல இறங்கி ஆடுற நேரம், முக்கால் நிமிஷம்தான், அதுக்குள்ள பின்னாடி நின்னு தோள தட்டி அடுத்த லைன கூப்பிடுறத பாப்பீங்க. மூணாவது பீரியட்ல ஒரு கோல் முன்னாடி இருக்கும்போது எதிராளியோட பெரிய ஸ்டாருக்கு எதிர்ல யார இறக்குறார், முந்தின ஷிஃப்ட்ல தப்பு பண்ணினவன மறுபடி இறக்குறாரா இல்லையான்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க.