இரவல் போன பிக்காசோ

அன்புள்ள சார்,

சமகாலக் கலை அருங்காட்சியகங்கள் நாடுவிட்டு நாடு பேசிப் பழகி, ஒன்றைப் பார்த்து ஒன்று மாறிவருகின்றன என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். நான் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது விளம்பர வேலையில் இருப்பவன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இயக்குநர்கள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள், மேடையேறி ‘பன்மை’, ‘பங்கேற்பு’ என்கிறார்கள், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். சுவரில் தொங்குவதென்னவோ அதே படம்தான். இந்தப் பரிமாற்றத்தால் ஒரே ஒரு அருங்காட்சியகமாவது தன் வேலைமுறையை மாற்றிக்கொண்டதா? உதாரணம் சொல்ல முடியுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னது சரிதான், நானும் சாப்பிட்டிருக்கிறேன். மாநாட்டுத் தீர்மானங்கள்மேல் எனக்கும் பெரிய மரியாதை கிடையாது. ‘அருங்காட்சியகம்’ என்ற சொல்லுக்குப் புது வரையறை எழுத, உலக அருங்காட்சியகங்களின் சங்கமான ஐகாமில் (ICOM) 2019இல் கியோட்டோவில் சண்டை போட்டு வாக்கெடுப்பையே ஒத்திப்போட்டார்கள். 2022இல் பிராகில் 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு ஒன்று நிறைவேறியது. நல்ல சொற்களெல்லாம் அதில் உண்டு. விட்டுவிடுவோம்.

நான் மனதில் வைத்திருந்தது இரவலை. கல்யாண வீட்டில் நகையை இரவல் கொடுத்த சித்தி, பந்தி முடியும்வரை அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் இல்லையா? அருங்காட்சியகங்களில் அந்தச் சித்திக்குக் கூரியர் என்று பெயர். பெட்டியோடு கூடவே பயணம் செய்வார். புது ஊரின் காற்றுக்குப் பெட்டி பழகட்டும் என்று ஒரு நாள் திறக்கவே விடமாட்டார். திறந்ததும் ஒவ்வொரு கீறலையும் கையிலிருக்கும் குறிப்போடு ஒப்பிடுவார். அவருக்கு முன்பே ஒரு படிவம் வந்துவிடும்: அறையின் வெப்பம் எவ்வளவு, இரவில் எத்தனை காவலர், லாரி எங்கே நிற்கும். சின்னக் கண்காட்சி ஒன்றுக்காக நண்பர்களோடு சேர்ந்து நானும் ஒருமுறை அதை நிரப்பினேன். ‘சரக்கு இறக்கும் மேடையின் உயரம்’ என்ற இடத்தில் ‘ஆட்டோ வாசல்வரை வரும்’ என்று எழுதினோம். பதிலே வரவில்லை.

அந்தப் படிவத்தை நிரப்பவே முடியாத ஓர் ஊருக்கு ஒரு படம் போயிருக்கிறது. நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில் வான் ஆபே அருங்காட்சியகம் இருக்கிறது. சுருட்டுக் கம்பெனி முதலாளி ஒருவரின் பணத்தில் 1936இல் திறந்தது. அங்கே பிக்காசோ 1943இல் வரைந்த ஒரு பெண்ணின் மார்பளவு ஓவியம் உண்டு. பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது வரைந்தது. இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக்கரையில் உள்ள ரமல்லா நகரின் பாலஸ்தீனச் சர்வதேசக் கலைப் பள்ளிக்கு அப்போது இயக்குநராக இருந்த கலீத் ஹூரானி, இந்த அருங்காட்சியகத்தாரோடு ஏற்பட்ட பழக்கத்தில், ஒரு பிக்காசோவை இரவல் கேட்டார். எந்தப் படம் என்று முடிவு செய்தவர்கள் அவருடைய மாணவர்கள்.

கேட்டபின் படம் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. ஒப்பந்தத் தாளில் பெறுபவரின் நாடு என்று ஓர் இடம் இருக்கும். அங்கே எதை எழுதுவது? சுங்கம் யாருடையது, வழியில் படம் நின்றுபோனால் யார் பொறுப்பு, எந்தக் காப்பீட்டு நிறுவனம் இதற்குக் கையெழுத்துப் போடும்? இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் படித்துப் பார்க்கவேண்டிய வேலை, இரவல் தாள்களைக் கவனிக்கும் ஓர் அருங்காட்சியகப் பதிவாளருக்கு வந்தது. கடைசியில் படம் டெல் அவிவில் இறங்கி, இஸ்ரேல் ராணுவத்தின் கலந்தியா சோதனைச் சாவடி தாண்டி, 2011 ஜூனில் ரமல்லா சேர்ந்தது. அந்த ஒரு படத்துக்காகப் பள்ளிக்குள்ளேயே குளிரும் ஈரமும் கட்டுப்படுத்திய ஓர் அறை கட்டியிருந்தார்கள். படத்துக்கு இரண்டு பக்கமும் சீருடைக் காவலர்கள் நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. தேடிப் பாருங்கள், கொஞ்ச நேரம் உங்கள் கண் படத்துக்குப் போகாது.

வழக்கமாக இரவல் வாங்குகிறவர்தான் கொடுப்பவரின் விதிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வார். இங்கே கொடுத்தவரும் தன் தாள்களையெல்லாம் திருப்பிப் படிக்கவேண்டி வந்தது. அப்போது வான் ஆபேயின் இயக்குநராக இருந்த சார்ல்ஸ் எஷ்ஷுக்கு இதை மறுப்பதுதான் சுலபமாக இருந்திருக்கும். எந்தக் குழுவும் அவரைக் குறை சொல்லியிருக்காது.

நம் ஊருக்கு நெருக்கமான இன்னொரு சங்கதி, காற்று. ஏறக்குறைய 20 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம், அதில் ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம்: பல ஆண்டுகளாக ஓவிய அறைகளுக்கு இதுதான் விதியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் படங்களை வேல்ஸில் ஒரு பலகைக்கல் சுரங்கத்துக்குள் பத்திரப்படுத்தியது. காற்று மாறாத அந்த இடத்தில் வண்ணம் உரிவது குறைந்ததைக் கண்டார்கள். இப்படிக் குளிர்நாட்டில் கற்ற பாடம் ஊர் ஊராகப் பரவியது. டிசம்பர் சென்னையில் அந்த ஐம்பதைப் பிடிக்க இயந்திரம் ராப்பகலாக ஓட வேண்டும், கரண்ட் பில்லை யார் கட்டுவது? பெரிய அருங்காட்சியக இயக்குநர்கள் கூடும் பிஸோ குழு 2015இல் இதைத் தளர்த்தியது. பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீதம் போதும் என்றார்கள். நீங்கள் கேலி செய்யும் அதே விமான இயக்குநர்கள்தான். அவர்கள் சொன்ன காரணம் மின்சாரமும் புவி வெப்பமும். நம்மை நினைத்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அறுபதும் சென்னைக்குக் கஷ்டம்தான், ஆனாலும் படிவத்தை எடுத்ததும் மூடிவைக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ‘அதே படம்தான்’. வான் ஆபேயும் இன்னும் சில ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் சேர்ந்து ‘லான்டர்நேஷனால்’ என்ற கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. தொழிலாளர் கீதத்தின் பெயர். அதில் ஒன்று ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரில் இருக்கிறது. பழைய யூகோஸ்லாவிய ராணுவ முகாமான மெட்டெல்கோவாவில் 2011 கடைசியில் அது ஒரு புதுக் கட்டடம் திறந்தது. முதல் கண்காட்சி முடிந்தபோது அடுத்ததற்குப் பணம் இல்லை. அப்போதைய இயக்குநர் ஸ்டென்கா படோவினாட்ஸ் அதே கண்காட்சியைச் சில மாற்றங்களோடு மறுபடி வைத்தார். ‘மறுமுறை’ என்று பெயரிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு அடுத்தும் வைத்தார். பணமில்லை என்பதையும் மறைக்கவில்லை. புதுசு புதுசாகக் காட்டியே தீரவேண்டுமா என்ற கேள்வியையும் சேர்த்தே சுவரில் மாட்டினார்.

அன்புடன்.